வேட்டை வம்சத்து நாய் கொங்குத் தோட்டத்துக்கு: காக்கரா, லேப்ரடாரா, பாயிண்டரா, சிப்பிப்பாறையா?

பல்லடம், காங்கேயம், கோபி பக்கமிருந்து வரும் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: "தோட்டத்துச் சாளையில குடியிருக்கறோமுங்க. பசங்க லேப்ரடார் வேணுங்கறாங்க, எனக்குச் சிப்பிப்பாறை மேல ஆசை. கோயமுத்தூர்ல காக்கர் குட்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்குது. எதை வாங்கறதுங்க?"

அழகு, விலை, பெருமை இவற்றைப் பிறகு பார்ப்போம். இந்த நாய்கள் எல்லாமே வேட்டைக்காகப் பிறப்பிக்கப்பட்டவை. அந்த வேலை இங்கே சட்டப்படி கூடாது. ஆனால் வேலை இல்லை என்பதற்காக நாயின் ரத்தத்தில் ஊறிய குணம் போய்விடாது. உங்கள் கோழி, பக்கத்துத் தோட்டத்து மயில், கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்து) கவுதாரி என்று ஏதோ ஒன்றின் மேல் அது பாயும். அதனால் எந்த நாய் எந்த வேலைக்கு உருவானது என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

இவை என்ன வேலைக்குப் பிறந்தவை

உள்ளான் குடும்பத்தில் வுட்காக் என்று ஒரு பறவை உண்டு. புறா அளவு உடம்பு, நீண்ட அலகு, உதிர்ந்த இலைக் குப்பையோடு கலந்துபோகும் பழுப்பு நிறம். பகலெல்லாம் காட்டுத் தரையில் அசையாமல் படுத்திருக்கும். அந்தி சாய்ந்ததும் ஈரமண்ணில் அலகைச் செருகிப் புழு தேடும். கண்கள் தலையின் பின்பக்கம் ஒதுங்கி இருப்பதால் பின்னால் வருகிறவரும் அதற்குத் தெரிவார். ஐரோப்பாவில் அக்டோபர், நவம்பரில் இது வடக்கிலிருந்து இறங்கும் காலம்தான் வேட்டைக் காலம். நம் நீலகிரிச் சோலைகளுக்கும் இதே இனம் குளிர்காலத்தில் வருகிறது. காலடியில் படுத்திருந்தாலும் மனிதக் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதனால் வேட்டையில் முக்கால்வாசி வேலை நாயின் மூக்குக்குத்தான்.

அந்த வேலையை மூன்றாகப் பிரித்து மூன்று வகை நாய்களை உருவாக்கினார்கள். பாயிண்டர் தூரமாக ஓடிக் காற்றில் வாசம் பிடிக்கும். பறவை இருக்கும் இடம் தெரிந்ததும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, மூக்கு, முதுகு, வால் மூன்றும் ஒரே கோடாக அப்படியே உறைந்து நிற்கும். அடர்ந்த காட்டில் நாய் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கழுத்தில் மணி கட்டுவார்கள். மணிச்சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே பறவை. ஸ்பேனியல் அப்படி நிற்காது. ஆளை விட்டு இருபது முப்பது மீட்டருக்குள் புதர் புதராக நுழைந்து பறவையைக் கிளப்பி விடும். காக்கர் ஸ்பேனியலின் பெயரே வுட்காக்கிலிருந்து வந்ததுதான். ரிட்ரீவர் வகை, அதாவது லேப்ரடாரும் கோல்டனும், விழுந்த பறவையைப் பல் பதியாமல் கவ்விக் கொண்டுவரும்.

சிப்பிப்பாறையும், அதைப் போன்ற இன்னொரு நம்மூர் இனமான கன்னியும் இந்தக் கணக்கில் வராது. அவை கண்ணால் பார்த்துத் துரத்துபவை. தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயலின் பின்னால் ஓடுவதற்காக வளர்க்கப்பட்டவை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, நாய் விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, அதற்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். மயில், மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. முயல், கவுதாரி, காடை ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. "என் தோட்டத்துக்குள்ளதானுங்க" என்பது செல்லாது. மயிலை விரட்டத்தான் நாய் என்று யோசிப்பவர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சோளத்தையும் நிலக்கடலையையும் மயிலிடமிருந்து காக்க வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல் போதும். முதலாவது வெயில்: பொள்ளாச்சியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில் 40 டிகிரி சாதாரணம். இரண்டாவது நாய்க்குக் கொடுக்க முடிந்த நேரம். மூன்றாவது கோழி, ஆடு, அக்கம்பக்கத்துப் பறவைகள். நான்காவது பராமரிப்பு: முடி, காது, உண்ணி. ஐந்தாவது தோட்டத்தின் ஆபத்துகள்: கிணறு, வாய்க்கால், வேலி, ரோடு. காவல் என்பதை நான் வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. பறவை நாய்கள் காவலுக்கு ஏற்றவை அல்ல. லேப்ரடார் திருடனிடமும் வால் ஆட்டும்.

| | காக்கர் | லேப்ரடார் | பாயிண்டர் | சிப்பிப்பாறை, கன்னி | நாட்டு நாய் |
|---|---|---|---|---|---|
| எடை | 12–15 கிலோ | 25–36 கிலோ | 20–34 கிலோ | ஒல்லி, உயரம் | 12–20 கிலோ |
| வெயில் தாங்குவது | சுமார் | குறைவு | நன்று | மிக நன்று | மிக நன்று |
| தினசரி ஓட்டம் | 1 மணி நேரம் | 1–1½ மணி நேரம் | 2 மணி நேரம், அவிழ்த்துவிட்டு | 30–40 நிமிடம், வேலிக்குள் | தானே பார்த்துக்கொள்ளும் |
| கோழியோடு | பழக்கினால் சரி | பழக்கினால் நன்று | கடினம் | மிகக் கடினம் | குட்டியிலிருந்து இருந்தால் நன்று |
| முக்கியத் தொல்லை | காது, முடி | எடை, மூட்டு, தண்ணீர் | தூரம் போவது | கூப்பிட்டால் திரும்பாது | கருத்தடை, தெரு நாய்ச் சேர்க்கை |
| யாருக்கு | நகர வீடு, சிறு தோட்டம் | குழந்தைகள் உள்ள வீடு | மிகச் சிலருக்கு | சுற்றுச்சுவர் உள்ள நிலம் | சாளையில் குடியிருப்போர் |

காக்கர் ஸ்பேனியல்

இந்த வரிசையில் மனிதரை விட்டு அதிகம் விலகாத நாய் இதுதான். ஆளுக்கு அருகிலேயே சுற்றி வேலை செய்யும் வழக்கம் வம்சத்தில் இருக்கிறது. கோவை, திருப்பூரில் கிடைப்பவை பெரும்பாலும் காட்சிப் போட்டி வம்சம் என்பதால் வேட்டை வேகம் சற்று மட்டு. அது நமக்கு நல்லதுதான்.

தொல்லை முழுவதும் காதில். தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது. ஐப்பசி மழையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், துர்நாற்றம் வரும், நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை காது மடலைத் திருப்பிப் பார்த்து, டாக்டர் தரும் கழுவும் மருந்தை விட்டு, காதின் அடியை அரை நிமிடம் பிசைந்து, வெளியே வரும் அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும். பட்ஸ் குச்சியை உள்ளே விடாதீர்கள். அழுக்கை அது ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

கொங்கு நாட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து புல் விதை. ஊசிப்புல் விதையின் பின்னால் ஒரு வால் இருக்கும். ஈரம் பட்டதும் அது முறுக்கவிழ்ந்து சுழலும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். மண்ணுக்குள் இறங்க விதை கண்டுபிடித்த வழி இது. நாயின் காதிலோ விரல் இடுக்கிலோ சிக்கினால் அதே திருகலில் தோலுக்குள் துளைத்துப் போகும். கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லின் சுணை, நாயுருவி, நெருஞ்சி எல்லாம் காக்கரின் பட்டு முடியில் வந்து ஒட்டும். மழை ஓய்ந்து புல் முற்றும் கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காது, அக்குள், விரல் இடுக்கு மூன்றையும் தொட்டுப் பாருங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாலோ, விரல் நடுவில் கொப்புளம் எழுந்தாலோ அன்றே டாக்டர். காதின் உட்பக்க முடியையும் பாதத்தின் அடி முடியையும் மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டால் பாதித் தொல்லை குறையும். குட்டி விலை கேட்கும்போது இந்தப் பராமரிப்புச் செலவை யாரும் சொல்வதில்லை. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டும் கூலியைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

லேப்ரடார்

குழந்தைகளோடு இழைவது, கற்றுக்கொள்வது, கொண்டுவந்து கொடுப்பது மூன்றிலும் முதலிடம். கோழியைக் கூட, பழக்கிவிட்டால், மென்மையாகவே நடத்தும். பல் பதியாமல் கவ்வும் வாய் அதன் பிறவிச் சொத்து.

ஆனால் அது உருவானது கனடாக் கரையின் குளிர்க் கடலில். அடியில் பஞ்சுபோல ஒன்று, மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி ஒன்று என்று இரண்டு அடுக்கு முடி. சித்திரை வெயிலில் அதை வேலை வாங்கக் கூடாது. பங்குனி தொடங்கி ஆனி வரை காலை ஏழு மணிக்குள் நடை முடிய வேண்டும். சாயங்காலம் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

வெயில் அடித்த நாயின் அறிகுறி: நிற்காத இரைப்பு, பிசுபிசுத்த எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம். வண்டியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் நிழலுக்கு இழுத்து, மோட்டார்த் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும், விடாமல் ஊற்றுங்கள், விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி விட்டுவிட்டால் சூடு உள்ளேயே அடங்கும், கூடாது. உடம்பு கொஞ்சம் தணிந்த பிறகு டாக்டரிடம் கொண்டுபோகலாம்.

இன்னொரு மறைமுகச் செலவு பசி. லேப்ரடார்களில் சுமார் நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் குறை இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். நாய் பார்க்கிற பார்வையை நம்பிச் சோறு போட்டால் மூன்று வயதில் 40 கிலோ ஆகிவிடும், பிறகு இடுப்பு மூட்டு தேயும். விலா எலும்பைக் கையால் தடவினால் எண்ண முடிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் சரியான எடை. 30 கிலோ நாய்க்கு உலர்தீவனம் நாளுக்குச் சுமார் 300–350 கிராம், இரண்டு வேளையாக. களியோ சோறோ கூடப் போட்டால் தீவனத்தைக் குறைக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு எந்த நாய்க்கும் ஆகாது. ஈட்டியாய்ப் பிளந்து குடலைக் குத்தும்.

பாயிண்டர்

வெறும் நாயாகப் பார்த்தால் இந்த வரிசையில் என் மனம் கவர்ந்தது இதுதான். குட்டை முடி, வெயில் தாங்கும், சுத்தம், வீட்டுக்குள் சாந்தம். இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

திறந்தவெளியில் இருநூறு முந்நூறு மீட்டர் சுற்றி ஓடி வாசம் தேடுவது இதன் பிழைப்பு. நம் பக்கம் ஐந்து ஏக்கர் தாண்டினால் இன்னொருவர் காடு, அதற்கப்பால் ரோடு. ஓடவிடாமல் கட்டிப்போட்டால் பூங்கொடியைப் பிடுங்கும், கதவைக் கடிக்கும், நாளெல்லாம் ஊளையிடும். அவிழ்த்துவிட்டால் கிளுவை வேலிக்குள் பாயும். இதன் தோல் மெல்லியது, கிளுவை முள்ளும் வெள்வேல முள்ளும் பாளம் பாளமாகக் கிழிக்கும். கவுதாரி நிறைந்த மூலனூர், தாராபுரம் மேய்ச்சல் காட்டில் இது ஒவ்வொரு நூறு அடிக்கும் உறைந்து நிற்கும். நிற்பது அழகுதான். ஆனால் அந்த உறைநிலைக்குப் பின் வேட்டைக்காரன் இல்லாததால், கற்றுத்தராத நாய் தானே பாய்ந்து விரட்டப் பழகிவிடும்.

வேலி போட்ட பெரிய தென்னந்தோப்பு, தினமும் இரண்டு மணி நேரம், விசில் பழக்கம் கற்றுத்தரும் பொறுமை மூன்றும் உள்ளவர் வாங்கலாம்.

சிப்பிப்பாறையும் கன்னியும்

வெயிலுக்கு இணையே கிடையாது. உண்ணித் தொல்லையை ஒற்றை அடுக்கு முடியில் எளிதில் பார்த்துவிடலாம். மருத்துவச் செலவு குறைவு. நம் மண்ணின் இனம், காப்பாற்ற வேண்டியதும்கூட. 2005இல் அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்ற பிறகு நாட்டு இனங்கள் மேல் மதிப்புக் கூடியிருக்கிறது.

சிக்கல் கண்ணில். தூரத்தில் எது ஓடினாலும் துரத்தும். ஓடத் தொடங்கிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ஆட்டுக்குட்டி, பூனை, பக்கத்து வீட்டுக் கோழி என்று பாகுபாடு இல்லை. ஐந்தடிச் சுவர் இதற்கு ஒரு தாவல். ஆறடிச் சுவரோ கம்பி வலையோ இல்லாத நிலத்தில் கயிறு இல்லாமல் விடாதீர்கள். அது முயலைத் துரத்தினால் வழக்கு உங்கள் மேல்தான். விலா தெரிவது இதற்கு இயல்பு, "சோறு போடறதில்லயா" என்பார்கள், கண்டுகொள்ளாமல் விடுங்கள். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்துக்கு முன் டாக்டரிடம் இனத்தைச் சொல்லுங்கள். கொழுப்பில்லாத உடம்பில் சில மருந்துகள் மெதுவாகவே இறங்கும்.

நாட்டு நாய்

சாளையில் குடியிருந்து, கோழியும் ஆடும் வைத்திருப்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். மழைக்காலத்தில் இணைசேர்ந்து பனிக்காலத்தில் குட்டி போடும். மார்கழி, தையில் ஊருக்குள் குட்டி கிடைக்கும். ஒரே ஈற்றில் இரண்டு பெட்டைக்குட்டி எடுத்து ஆறேழு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் ஊர் சுற்றப் போகாது, பிற நாய்களையும் கூட்டி வராது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டி ஆடுகளைக் கூட்டமாக வந்து கடித்துக் கொல்லும் நாய்களின் துயரம் எல்லாருக்கும் தெரியும். கருத்தடையைத் தள்ளிப்போடுவது அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதுதான். தடுப்பூசி இதற்கும் வேண்டும். நாட்டு நாய்க்குப் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வாந்தி, ரத்தபேதி நோய்) வராது என்பது வெறும் பேச்சு.

எந்த நாய்க்கும் பொதுவானவை

கோழிக்குப் பழக்குவது எட்டாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள். குட்டியை இரண்டு மீட்டர்க் கயிற்றில் கட்டி, கோழிகள் மேயும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி உட்காருங்கள். குட்டி கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியில் ஒரு துண்டு ஈரல். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் ஐந்தடி பின்னால் போங்கள். தினம் ஐந்து நிமிடம், பத்து நாளுக்குப் பிறகு ஓரடி நெருங்கலாம். மூன்று வாரம் கழித்து பத்து மீட்டர்க் கயிறு. செத்த கோழியைக் கழுத்தில் கட்டுவது, அடிப்பது இரண்டும் பயன்படாது. உங்கள் மேல் பயம் வரும், நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கோழியைப் பிடிக்கும்.

மூக்குக்கு வேறு வேலை கொடுங்கள். பவானி ஜமுக்காளத் துண்டைச் சுருட்டி உள்ளே தென்னை நார் அடைத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தைத்துக்கொள்ளுங்கள். காக்கருக்கு 150 கிராம், லேப்ரடாருக்கு 300 கிராம் எடை போதும். முதல் வாரம் கண்ணெதிரே எறிந்து எடுத்து வரச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் நாயைக் கட்டிவிட்டு, மஞ்சள் காட்டின் வரப்பில் ஒளித்துவைத்து, காற்று எதிரே வரும் பக்கத்திலிருந்து அவிழ்த்துவிடுங்கள். விடியற்காலையில் மண் ஈரமாக இருக்கும்போது வாசம் தரையோடு தங்கும். உச்சி வெயிலில் மேலே எழும்பிக் கலைந்துவிடும். பதினைந்து நிமிடத் தேடல் ஒரு மணி நேர நடைக்குச் சமமாக நாயைக் களைக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாய்க்கு இந்த விளையாட்டில் வெறியே வரும், காரணம் அந்த ஈரம்தான்.

அதே ஈரத்தில் உண்ணியும் பெருகும். பசி இல்லாமை, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் கண்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்து பெரும்பாலும் நான்கு வாரம். இரண்டாம் வாரம் நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால் திரும்பும். வயலில் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ நோய்க்கும் தடுப்பூசி உண்டு, தோட்டத்து நாய்க்குக் கேட்டுப் போடுங்கள். ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி தவறு. தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் ஆளைக் கண்டு பதுங்கினால் குட்டியும் பதுங்கும்.

குட்டி வருமுன் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்கு மூன்றடிச் சுவரோ கம்பி வலையோ போடுங்கள். பறவை பின்னால் ஓடும் நாய் கிணற்றைப் பார்க்காது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் சிமெண்ட் பூசிய கீழ்பவானி வாய்க்கால் பகுதிகளும் லேப்ரடாருக்குப் பெரிய கண்ணி. இறங்கிவிடும், சறுக்கும் சரிவில் ஏற முடியாமல் நீந்தி நீந்திக் களைத்துப் போகும். சத்தியமங்கலம், அந்தியூர், ஆனைமலைக் காட்டோரமானால் இரவில் நாயைத் திறந்தவெளியில் சங்கிலியில் கட்டாதீர்கள், சிறுத்தைக்கு அது தயாராக வைத்த இரை. காட்டுப்பன்றிக்கு யாராவது வைத்த அவுட்டுக்காயை (கடித்தால் வெடிக்கும் தீனி) வாயில் கவ்வும் முதல் மிருகமும் உங்கள் ரிட்ரீவர்தான். கவ்வியதைச் சொன்ன உடனே கீழே போடும் பழக்கம் அதற்கு மட்டும் முதல் மாதத்திலேயே வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு பலகையைக் கயிறு போட்டுக் கட்டி, குட்டி அதில் தானே ஏறி வர இரண்டு தடவை பழக்கிவிடுங்கள்.